பதினாறு கட்டமும் ஒரு பட்டமும்

கழுகு அக்காவுக்கு அந்தப் பேரை வெச்சது நான் இல்ல. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே அது நிலைச்சுப் போயிருந்துச்சு. சம்பளப் பட்டியல்ல வேற பேர் இருக்கும், அதைச் சொல்லிக் கூப்பிட்டா அவங்களே திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

எங்க வேலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி தலையும் புரியாது வாலும் புரியாது. தொலைதூரக் கல்வியில பட்டம் படிக்கிறவங்க இப்பல்லாம் வீட்டுல உக்காந்தே பரீட்சை எழுதறாங்க இல்லையா? அவங்க காப்பி அடிக்கிறாங்களான்னு அவங்க லேப்டாப் கேமரா வழியா நாங்க பார்க்கணும். ஒரு பெரிய ஹால், முப்பது மேசை, மேசைக்கு ஒரு ஸ்கிரீன், ஸ்கிரீன்ல பதினாறு கட்டம், கட்டத்துக்கு ஒரு முகம். ஜன்னல் வழியா அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தா அது வம்பு. சம்பளம் வாங்கிக்கிட்டு பதினாறு வீட்டை எட்டிப் பார்த்தா அது கண்காணிப்பு. எங்களுக்குக் கழுத்துல தொங்கவிட அடையாள அட்டை கூட உண்டு.

இந்த வேலைக்குன்னே பொறந்தவங்க கழுகு அக்கா. அஞ்சு பொண்ணுங்கள்ல ரெண்டாவது. சின்ன வயசுல வீட்டுல அவங்களுக்குக் கொடுத்த வேலை, பால் பொங்கி வழியாம பார்த்துக்கறது. "மத்தவளுங்க நின்னா பொங்கிடும்டி. நான் நின்னா பாலே பயப்படும்"னு பெருமையடிப்பாங்க. பள்ளிக்கூடம் முடிஞ்சதும் ஒரு துணிக்கடையில கேமரா பார்க்கிற வேலை. உள்ள போகும்போது ஒல்லியாவும் வெளிய வரும்போது குண்டாவும் இருந்த ஒரு அம்மாவை மடக்கி, ஒண்ணு மேல ஒண்ணா போட்டிருந்த நாலு சட்டையைக் கழட்ட வெச்சாங்களாம். அதுக்கப்புறம் ஒன்பது வருஷமா எங்க கம்பெனி. அவங்க வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவர், சாதுவான மனுஷன். நான் அவரை மாமான்னு கூப்பிடுவேன். முதல் தடவை அக்கா வீட்டுக்கு வந்தப்ப அவர் ரெண்டு கால்லயும் ரெண்டு வேற ஜோடிச் செருப்பு போட்டிருந்தாராம். அவங்க வீட்டுல யாரும் கவனிக்கல, அக்கா ஒருத்தியைத் தவிர. "இந்த ஆளைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்"னு சொல்லுவாங்க.

அக்கா வேலை பார்க்கிற அழகே தனி. மேல் வரிசை இடது கோடியில ஆரம்பிச்சு கீழ் வரிசை வலது கோடி வரைக்கும் கண்ணு ஒரு ஓட்டம் ஓடும். மறுபடி மேல. மறுபடி கீழ. தண்ணி குடிக்கும்போதும் ஓடும், என்கிட்டப் பேசும்போதும் ஓடும். ஒருத்தன் கண்ணாடியில இன்னொரு ஸ்கிரீனோட வெளிச்சம் தெரியறதைப் பிடிப்பாங்க. ஒருத்தர் மேசைக்குக் கீழ அவர் சம்சாரம் உக்காந்து பதிலை வாசிக்கிறாங்கன்னு, மேசை விரிப்பு மூச்சு விடறதை வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. எங்கயாவது தப்பு நடந்தா கழுகுக்கு மூக்குல வேர்த்துடும்னு சொல்றது சும்மாவா?

நான் அப்படி இல்ல. நான் முதுகலைப் பட்டதாரி. என் கண்ணுக்கு முன்னாடி யானை போனாலும் தும்பிக்கை இடிச்சாத்தான் தெரியும். எங்களைச் சோதிக்கக் கம்பெனி பொய் மாணவர்களை நடுவுல நுழைக்கும். அவங்க வேணும்னே காப்பி அடிப்பாங்க, நாங்க பிடிக்கணும். மாசத்துல மூணு பேரைக் கோட்டை விட்டா வேலை போச்சு. ஒரு பொய் மாணவர் புத்தகத்தைக் கையில தூக்கிப் பிடிச்சு ஆட்டுறாரு, நான் ‘பாவம், வேர்க்குது போல, விசிறிக்கிறாரு’ன்னு நெனச்சேன்னா பார்த்துக்கோங்க. அக்கா தன்னோட பதினாறையும் பார்த்துக்கிட்டு என்னோட பதினாறையும் ஓரக்கண்ணால பார்ப்பாங்க. தப்பு வந்தா முழங்கையால ஒரு இடி. நாலு வருஷம் நான் அந்த இடியிலதான் சோறு தின்னேன்.

இப்படிப்பட்ட அக்காகிட்டத்தான் எங்க மேலாளர் ஒரு நாள் வந்து குண்டைத் தூக்கிப் போட்டாரு. அவருக்கு நாங்க வெச்ச பேர் பச்சை சார். அவர் மேசையில ஒரு அட்டவணை இருக்கும், அதுல எல்லாக் கட்டமும் பச்சையா இருந்தா அவருக்கு உலகமே நல்லா இருக்கு. ஹால்ல தீப்பிடிச்சாலும் அட்டவணை பச்சையான்னுதான் கேப்பாரு.

"மேடம், பட்டப் பரீட்சையைக் கண்காணிக்கிறவங்களும் பட்டம் வாங்கியிருக்கணும்னு புதுசா விதி வந்திருக்கு. உங்க பேருக்கு நேரா மட்டும் சிவப்பா நிக்குது."

"சார், ஆறு வருஷத்துல ஒருத்தனைக் கூடக் கோட்டை விட்டதில்ல நான்."

"அதெல்லாம் இதுல வராது மேடம். இதுல பட்டம் இருக்கா இல்லையான்னு ஒரு கட்டம்தான் இருக்கு. மூணு வருஷம் டைம் கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

ஏதோ கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. விசிறிக்கிறாருன்னு நெனச்ச எனக்குப் பச்சை, கழுகுக்குச் சிவப்பு! அக்கா அடுத்த வாரமே ஒரு பல்கலைக்கழகத்துல நிர்வாகவியலுக்கு, தொலைதூரக் கல்வியில சேர்ந்துட்டாங்க.

அந்தப் படிப்பு இருக்கே, அதைச் சொல்லாம விட்டா பாவம் பிடிக்கும். பாடம் எல்லாம் வீடியோ. எடுக்கிற பேராசிரியருக்கு முதல் பாடத்துல தலை கொள்ளாம கறுப்பு முடி, பன்னெண்டாவது பாடத்துல முழு வழுக்கை. இடையில என்ன நடந்துச்சுன்னு பாடத்திட்டத்துல இல்ல. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘நான் இருக்கிறேன்’னு ஒரு பட்டன் வரும், அதை அமுக்கினாத்தான் பாடம் கேட்ட கணக்கு. அக்கா அடுப்படியில லேப்டாப்பை வெச்சுக்கிட்டு ஒரு கையால கரண்டி, ஒரு கையால ‘நான் இருக்கிறேன்’. மாமா உதவி பண்றேன்னு மவுஸ்ல கை வெச்சா, "அது ஆள் மாறாட்டம்"னு அடிச்சுத் தட்டி விட்டுடுவாங்க.

அப்புறம் கலந்துரையாடல் பக்கம்னு ஒண்ணு. வாரத்துக்கு ரெண்டு பேர் கருத்துக்குப் பதில் எழுதணும், அதுக்கு மார்க். அம்பது பேர் அம்பது பேருக்கும் ‘அருமையான கருத்து, நன்றி’ன்னு எழுதியிருப்பாங்க. கருத்து எங்கேன்னு தேடினா அதை எழுத யாருக்கும் நேரம் இருந்திருக்காது. மாசத்துக்கு ஒரு நேரடி வகுப்பு வேற. எண்பது பேர், எழுபத்தொன்பது கேமரா அணைஞ்சிருக்கும். அக்கா மட்டும் முகம் கழுவி, தலை வாரி, கேமரா போட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு தடவை பேராசிரியர் மைக்கைப் போடாமலே ஒரு மணி நேரம் வாயசைச்சுப் பாடம் எடுத்தாரு. ம்யூட்ல இருக்கீங்க சார்னு அக்கா நாலு தடவை எழுதினாங்க, அவர் பார்க்கல. வகுப்பு முடிஞ்சதும் எழுபத்தொன்பது பேரும் ‘ரொம்பப் பயனுள்ளதா இருந்துச்சு சார்’னு எழுதிட்டுப் போனாங்க.

அஞ்சு செமஸ்டர் பரீட்சையும் ஒரு மையத்துல பேப்பர்ல நடந்துச்சு. அக்கா எல்லாத்துலயும் தேறிட்டாங்க. ஆறாவது செமஸ்டருக்கு மையத்தை மூடிட்டு, இனிமே வீட்டுலயே எழுதுங்கன்னு சொல்லிட்டாங்க. கண்காணிக்கப் போறது யாரு? சாட்சாத் எங்க கம்பெனி! "அக்கா, உங்களுக்குத் தெரியாத விதியா? கண்ணை மூடிக்கிட்டு எழுதிடலாம்"னு நான்தான் சொன்னேன். என் வாயில மண்ணைப் போட.

பரீட்சைக்கு முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அறையைப் பார்த்ததும் மலைச்சுப் போயிட்டேன். சுவத்துல ஒரு காலண்டர் கிடையாது. அலமாரிக்கு வெள்ளைத் துணி. மேசையில ஒரு லேப்டாப், ஒரு டம்ளர், அதுவும் எழுத்தே இல்லாத கண்ணாடி டம்ளர். மாமாவுக்கு, காலையில கடைக்குப் போனா மத்தியானம் வரைக்கும் தெருப்பக்கமே தலை காட்டக் கூடாதுன்னு உத்தரவு. இவ்வளவு சுத்தமான பரீட்சை அறையை நான் என் கண்காணிப்பு வாழ்க்கையில பார்த்ததில்ல.

மறுநாள் காலையில என் ஸ்கிரீன் திறக்குது, பதினாறு கட்டம் வருது, ஏழாவது கட்டத்துல யாருன்னு பார்த்தா கழுகு அக்கா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. தெரிஞ்சவங்க வந்தா ‘எனக்குத் தெரிந்தவர்’னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கணும். அமுக்கினா அந்தக் கட்டம் வேற மேசைக்குப் போயிடும். நான் அமுக்கல. என்கிட்டயே இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன்னு நெனச்சேன். எனக்குப் பார்க்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும், எனக்குத்தான் அந்த நேரத்துல மறந்து போச்சு.

பத்து நிமிஷம் ஆகல, ஏழாவது கட்டம் மஞ்சளாச்சு. மனுஷங்க மட்டும் இல்லாம மெஷினும் பார்க்கும் இல்லையா, எழுதறவங்க கண்ணு அடிக்கடி அங்க இங்க போனா அது மஞ்சள் காட்டும். என்னடா இதுன்னு அந்தக் கட்டத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். அக்கா கேள்வியைப் படிக்கிறாங்க, கண்ணு மேல இடது கோடிக்குப் போகுது. ஒரு ஓட்டம். கீழ வலது கோடி. மறுபடி மேல. எழுதறாங்க, ஓடுது. யோசிக்கிறாங்க, ஓடுது. ஸ்கிரீன்ல ஒரே ஒரு கேள்வித்தாள்தான் இருக்கு, ஆனா அக்கா கண்ணு இல்லாத பதினாறு கட்டத்தைச் சுத்திக்கிட்டே இருக்கு. ஊர்க் கண்ணையெல்லாம் அளந்தவங்களுக்குத் தன் கண்ணு ஓடறது தெரியவே தெரியாது. நாலு வருஷம் பக்கத்துல உக்காந்து பார்த்த எனக்காவது உறைச்சிருக்கணும். உறைக்கலையே!

ரெண்டாவது மஞ்சள் வந்துச்சு. மூணாவது வந்தா நான் சிவப்பு பட்டனை அமுக்கணும், பரீட்சை நிக்கும், விசாரணைக்குப் போகும். அமுக்காம விட்டா அது நான் கோட்டை விட்ட கணக்கு. அந்த மாசம் நான் ஏற்கெனவே ரெண்டு பொய் மாணவரை விட்டிருந்தேன், அக்கா பரீட்சைக்குப் படிக்க லீவுல இருந்ததால இடிக்க ஆள் இல்ல. அக்காவை ஜாடை காட்டி நிறுத்தலாம்னா கேமரா ஒரு பக்கம்தான் பார்க்கும். ஸ்கிரீனைப் பார்த்து, "அக்கா, கண்ணு, கண்ணு"ன்னு முணுமுணுத்தேன். மூணாவது மஞ்சள் வந்துச்சு. பச்சை சார் எனக்குப் பின்னாடி நடந்து வந்துக்கிட்டிருந்தாரு.

அமுக்கிட்டேன். சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, ஆனா அமுக்கிட்டேன். கட்டம் சிவப்பாகி, அக்கா முகம் ஒரு நொடி அப்படியே நின்னு அணைஞ்சு போச்சு. அவங்க முகத்துல கோபம் கூட இல்ல, பால் பொங்கினதைப் பார்த்த மாதிரி ஒரு திகைப்பு. நான் கழிப்பறைக்குப் போய் அழுதுட்டு வந்தேன்.

விசாரணையும் வீடியோவுலதான். மூணு பேராசிரியர்கள், மூணு கட்டம். ஒருத்தர் கார்ல போய்க்கிட்டிருந்தாரு, ஒருத்தர் நெத்தி மட்டும் தெரிஞ்சுது. நடந்ததை அக்கா பின்னாடி எனக்கு ஒண்ணு விடாம நடிச்சே காட்டினாங்க.

"கண் விலகல் நாப்பத்தேழுன்னு ரிப்போர்ட்ல இருக்கே, என்ன சொல்றீங்க?"ன்னு தலைவர் கேட்டாராம்.

"தொழில் பழக்கம் சார். காப்பி அடிக்கல."

"அப்படி என்ன தொழில் பாக்குறீங்க?"

"இந்த ரிப்போர்ட்டை எழுதற தொழில் சார்."

மூணு கட்டமும் கொஞ்ச நேரம் அசையல. நெட் நின்னு போச்சோன்னு அக்கா நெனச்சாங்களாம். காப்பி அடிச்சதுக்கு ஆதாரம் இல்ல, அடிக்கலைங்கிறதுக்கும் ஆதாரம் இல்ல, அதனால ரெண்டு மாசம் கழிச்சு ஒரே ஒரு தடவை மறுபடி எழுதலாம், கண்ணு விலகினா மூணு வருஷத்துக்குத் தடைன்னு தீர்ப்பாச்சு. மூணு வருஷம் தடைன்னா என்ன அர்த்தம்? பச்சை சார் கொடுத்த கெடு முடிஞ்சு வேலை போச்சுன்னு அர்த்தம்.

அக்கா ரெண்டு மாசம் சம்பளமில்லாத லீவு போட்டாங்க. பாடம் படிக்க இல்ல, பாடம் அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. கண்ணை நிறுத்தப் பழகினாங்க. லேப்டாப் நடுவுல ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, அதையே மூணு மணி நேரம் பார்க்கணும். மாமா கடையை மத்தியானம் திறக்கிறதுன்னு மாத்திக்கிட்டு, எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காருவாரு. அக்கா கண்ணு ஓடினா ஸ்பேனரால ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கதவுல டங்குன்னு ஒரு தட்டு. முதல் நாள் தட்டின தட்டுல பக்கத்து வீட்டுக்காரங்க கோயில் மணின்னு நெனச்சிருப்பாங்க. ரெண்டு வாரத்துல பாதியாச்சு. அஞ்சாவது வாரம் நான் போனப்ப ஒரு மணி நேரத்துக்கு ஒரு தட்டு. ரெண்டாவது மாசக் கடைசியில மாமா ஸ்டூல்லயே தூங்கிட்டாரு, தட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல.

மறுபடி எழுதினாங்க. கண் விலகல் பூஜ்யம். ‘முன்மாதிரியான ஒழுங்கு’ன்னு மெஷின் தனியா ஒரு வரி எழுதியிருந்துச்சு. பட்டம் வந்துச்சு, பிடிஎஃப்பா. பட்டமளிப்பு விழாவும் லிங்க்லதான். ஒவ்வொருத்தர் போட்டோ மேலயும் ஒரு கறுப்புத் தொப்பியை கம்ப்யூட்டரே வெச்சுது, அக்காவுக்கு மட்டும் அது காதுல தொங்குச்சு. நாங்க கை தட்டினோம். பச்சை சார் அட்டவணையில அக்கா பேருக்கு நேரா பச்சை அடிச்சுட்டு, பிள்ளை பெத்தவர் மாதிரி பூரிச்சுப் போயிட்டாரு.

அடுத்த திங்கக்கிழமை அக்கா பழையபடி என் பக்கத்து மேசையில உக்காந்தாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஏதோ குறையுதுன்னு பட்டுச்சு. இடி வரல. சரி, நாம நல்லா வேலை பார்க்கக் கத்துக்கிட்டோம் போலன்னு நெனச்சேன், எனக்கு எப்பவும் அப்படித்தான் தோணும். அப்புறம் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஸ்கிரீனோட நடுவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மேல் வரிசை இடது கோடியில ஒருத்தன் புத்தகத்தை விரிச்சு வெச்சு, விரலால வரியைத் தடவித் தடவி எழுதிக்கிட்டிருந்தான். என் கண்ணுக்கே தெரியுது! முழங்கையால அக்காவை இடிச்சேன், முதல் தடவையா நான் அவங்களை இடிச்சேன்.

"எங்கடி?"ன்னு கேட்டாங்க.

விரலை வெச்சுக் காட்டினேன். அதுக்கப்புறம்தான் அக்கா சிவப்பை அமுக்கினாங்க. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பழையபடி கண்ணை ஓட்டிப் பார்த்தாங்க. ஓட்டினா ரெண்டு வரிசை போகும், மூணாவது வரிசையில போய் நடுவுக்கே வந்து நின்னுடும். ரெண்டு மாசம் ஸ்பேனர் அடி வாங்கின கண்ணு இல்லையா!

நான் ரெண்டு மேசையையும் பார்க்க முயற்சி பண்ணினேன். குருடி வழி காட்டின கதைதான். அந்த மாசம் பொய் மாணவர் மூணு பேரும் அக்கா கட்டத்துல புகுந்து ஜம்முன்னு காப்பி அடிச்சுட்டுப் போனாங்க. பச்சை சார் கூப்பிட்டாரு. கதவு திறந்தே இருந்துச்சு, ஹால் முழுக்கக் கேட்டுச்சு.

"என்ன மேடம், பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் ஒண்ணு கூட விடல. இப்போ மாசத்துல மூணு!"

"சார், நீங்க பட்டம் கேட்டீங்க. கொண்டு வந்து கொடுத்துட்டேன். கண்ணு வேணும்னு நீங்க கேக்கவே இல்லையே."

பச்சை சார் அட்டவணையைப் புரட்டினாரு. கண்ணுன்னு ஒரு கட்டம் அதுல இல்ல. "விதின்னு ஒண்ணு இருக்கு மேடம்"னு மெதுவா சொன்னாரு. அவருக்கும் மனசு சரியில்ல, அது குரல்லயே தெரிஞ்சுது. மத்தியானத்துக்குள்ள அக்கா கழுத்து அட்டையைக் கழட்டி மேசையில வெச்சுட்டுப் போயிட்டாங்க. மறு வாரமே அந்த மேசைக்கு ஒரு பையன் வந்தான். ரெண்டு பட்டம் வாங்கினவனாம். வந்த அன்னிக்கே ரெண்டு பேரைக் கோட்டை விட்டான்.

நான் ரெண்டு வாரம் அக்கா வீட்டுப் பக்கம் போகல. எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது? கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை மாமா கடைக்குப் போனேன். கதவில்லாத நாலு ஃப்ரிட்ஜுக்கு நடுவுல அக்கா உக்காந்து ரசீது எழுதிக்கிட்டிருந்தாங்க. மாமா உள்ள ஏதோ ஒரு மோட்டாரோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தாரு.

"வாடி பட்டதாரி"ன்னாங்க.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உங்க பரீட்சையில சிவப்பு அமுக்கினது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா? எப்போ தெரியும்?"

"விசாரணைக்கு முன்னாடியே. ரிப்போர்ட்ல கண்காணிப்பாளர் எண் இருக்குமேடி. நாலு வருஷமா உன் அட்டையைப் பக்கத்துல பார்க்கறேன், அது தெரியாதா எனக்கு? மூணாவது மஞ்சள் வரைக்கும் பொறுத்திருக்கே. உன் இடத்துல நான் இருந்திருந்தா ரெண்டாவதுலயே அமுக்கியிருப்பேன்."

அப்போ அந்த ரெண்டு மாசமும் நான் அவங்க வீட்டுக்குப் போய் ‘எந்தப் பாவி அமுக்கினானோ’ன்னு கூடச் சேர்ந்து திட்டிட்டு வந்தப்ப, எல்லாம் தெரிஞ்சுதான் எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்காங்க.

"அப்புறம் ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல என்னை?"

அக்கா ரசீதைக் கிழிச்சு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினாங்க.

"கேட்டிருந்தா நீ வேலையில உக்காந்துக்கிட்டு அதையே நெனச்சு அழுதுக்கிட்டு இருப்பே. அந்த மாசம் உனக்கு ஏற்கெனவே ரெண்டு தப்பு. மூணாவது விழுந்தா உன்னை யாருடி பார்த்துக்கறது, நானும் அங்க இல்லையே."